சிங்கப்பூர் சம்பளம் எந்த நாட்டுக் கணக்கில் வரும்?

பள்ளத்தூர் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பொருளியல் எடுத்திருக்கிறாள். போன வாரம் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு கேள்வி கேட்டாள், அன்றிலிருந்து அதுவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "அம்மா, அப்பா சிங்கப்பூரில் வாங்குற சம்பளம் இந்தியாவோட ஜிடிபியில் சேருமா, சிங்கப்பூர் ஜிடிபியில் சேருமா?" நம்ம நாட்டுக் கணக்குதான் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பணம் இங்கேதானே வருகிறது, காரைக்குடி பேங்கில் போய் நான்தானே எடுக்கிறேன். ஆனால் கைடில் ஒரு மாதிரியும் டியூஷனில் வேறு மாதிரியும் சொல்கிறார்கள் என்கிறாள். அவர் அங்கே ஷிப்யார்டு வேலைக்குப் போய் 9 வருடம் ஆகிறது.

அதோடு நிற்கவில்லை. உலகத்திலேயே பெரிய பொருளாதாரங்களில் இந்தியாவும் ஒன்று என்று நியூஸில் சொல்கிறார்கள், அதே இந்தியா மனித மேம்பாட்டில் 130-வது இடம் என்று இன்னொரு இடத்தில் படித்தேன், இதில் எது உண்மை என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் வீதியிலேயே ஒரு வீடு இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்த வீதிக்கும் அடுத்த வீதிக்குமாக நீண்டிருக்கும், தூண் எல்லாம் பர்மாத் தேக்கு. முன்னோருக்குக் கும்பிடுகிற படைப்புக்கு மட்டும் வருடத்தில் ஒருமுறை திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டுதான். இவ்வளவு சொத்து இருக்கிற ஊரை நாட்டுக் கணக்கில் பணக்கார ஊர் என்று எழுதுவார்களா?

கடைசியாக என் விஷயம் ஒன்று. கல்யாண ஆர்டருக்குத் தேன்குழல், மணகோலம், அதிரசம் செய்து கொடுக்கிறேன். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து 2 வருடமாகப் படுக்கையில் இருக்கிறார், அவரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இதில் எது கணக்கில் வரும், எது வராது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். மகளுக்கு அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.

பேரேடு (தேவகோட்டை):

தங்கச்சி, 31 வருடம் கணக்கெழுதியே காலத்தை ஓட்டியவன் நான். கணக்குப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதை வாத்தியார்கள் யாராவது சொல்லட்டும்.

முதலில் சம்பளம். ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது, நாட்டு எல்லைக்குள் அந்த வருடம் உற்பத்தியானதன் மதிப்பு. உங்கள் வீட்டுக்காரர் கப்பலில் அடிக்கிற வெல்டிங் சிங்கப்பூர் எல்லைக்குள் நடக்கிறது, அதனால் அது சிங்கப்பூர் ஜிடிபி. இதுவரைக்கும் எல்லாரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். "மொத்த தேசிய வருமானம் என்று இன்னொன்று இருக்கிறதே, அதில் இந்தியாவுக்கு வரும்" என்று அடுத்து சொல்வார்கள் பாருங்கள், அங்கேதான் தவறு. தேசிய வருமானம் பார்க்கிறது குடியிருப்பை, பாஸ்போர்ட்டை இல்லை. ஒரு வருடமோ அதற்கு மேலோ ஒரு நாட்டில் தங்கி வேலை பார்த்தால், கணக்கைப் பொறுத்தவரை அவர் அந்த நாட்டுவாசி. 9 வருடம் ஆகிவிட்டது, ஆகவே அவர் சம்பளம் தேசிய வருமானத்திலும் சிங்கப்பூர் பக்கம்தான். உங்கள் பேங்குக்கு வருகிற பணம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்த உதவி, பரிமாற்றம் என்ற தலைப்பில் வரும். செலவழிக்கக் கையில் இருக்கும் தேசிய வருமானம் என்று மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு, அதில்தான் முதன்முதலாக அந்தப் பணம் இந்தியாவுக்குள் நுழைகிறது. அப்புறம் அதை வைத்து நீங்கள் ஃபீஸ் கட்டி, கொத்தனாரைக் கூப்பிட்டு மாடி எடுத்தால், அந்தப் படிப்பும் கட்டடமும் இந்திய ஜிடிபியில் ஏறும்.

சின்னத் தொகை என்று நினைத்துவிடாதீர்கள். 2023-24-இல் மட்டும் இப்படி இந்தியாவுக்கு வந்த பணம் 11,870 கோடி டாலர், அதில் பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வந்ததாக ரிசர்வ் வங்கி ஆய்வு சொல்கிறது.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன், நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். என் ஐயா காலத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், அங்கே வட்டிக் கடையை நடத்துவது ஏஜெண்டு. அந்த வட்டி வருமானம் ஊருக்கு வருகிறதே, அது உதவியாக வந்த பணம் இல்லை, இங்கே குடியிருக்கிற முதலாளியின் சொத்துக்குக் கிடைத்த வருமானம். இன்றைய விதியை வைத்துப் பார்த்தால் அது ஜிடிபியில் வராது, தேசிய வருமானத்தில் வந்துவிடும். ஆக அப்பத்தா வீட்டுக்கு வந்த பர்மா வட்டியும் உங்கள் வீட்டுக்கு வரும் சிங்கப்பூர்ச் சம்பளமும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கணக்கில் வேறு வேறு பக்கம். அதிலும் ஒரு சிக்கல், 1937 ஏப்ரல் வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்த மாகாணம். பிரிந்த அன்றைக்கு அதே வட்டி வெளிநாட்டு வருமானம் ஆகிவிட்டது, கடையும் வயலும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

பூட்டிய வீடு பற்றி. நம்ம பேரேட்டில் வருட வரவு செலவு தனி, ஐந்தொகை தனி. ஐந்தொகையில்தான் இருப்பு, சொத்து, கடன் எல்லாம் நிற்கும். ஜிடிபி என்பது வரவு செலவு மட்டும்தான், அதில் ஐந்தொகை கிடையாது. 1920-களில் கட்டிய வீடு அன்றைக்கு உற்பத்தி, இன்றைக்கு இருப்பு. இன்னொன்றும் சொல்கிறேன், இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த வீட்டை இடித்துத் தூணையும் நிலையையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்கிறார்களே, இடித்தவர் கூலி ஜிடிபியில் ஏறும், ஏற்றிப் போன லாரி வாடகை ஏறும், கடைக்காரர் வைத்த லாபம் ஏறும். பழைய தூணின் விலை ஏறாது, ஏனென்றால் அது இந்த வருட உற்பத்தி இல்லை. வீடு போனதற்கு எதையும் கழிக்கவும் மாட்டார்கள், "மொத்த" என்று பெயரில் இருப்பதே தேய்மானம் கழிக்காத கணக்கு என்பதால்தான். ஒரு வீதியே போனாலும் அந்த வருட ஜிடிபி கூடித்தான் இருக்கும். எந்தச் செட்டி வீட்டுக் கணக்கப்பிள்ளையாவது இப்படி எழுதிக் கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்திருந்தால் அன்றோடு அவர் வேலை போயிருக்கும்.

உங்கள் பலகார ஆர்டர் ஜிடிபியில் உண்டு, விற்கிறீர்கள் இல்லையா. மாமியாரைப் பார்ப்பது கிடையாது. அதே வேலைக்கு மாதச் சம்பளத்தில் ஓர் ஆள் வைத்தால் உண்டு. வயலில் விளைந்து வீட்டுக்கே வைத்துக்கொண்ட நெல்லுக்குக்கூட மதிப்புப் போட்டுச் சேர்க்கிறார்கள், அதைப் பொங்கி இறக்குகிற வேலைக்குத்தான் இடம் இல்லை.

மடக்கை வாத்தியார்:

காரைக்குடியில் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். பேரேடு ஐயா சொன்னதில் மாற்ற ஒன்றும் இல்லை, வருடா வருடம் என் மாணவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடத்தை நேராகச் சொல்லிவிட்டார். நான் 130-வது இடத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டுமே உண்மைதான் அம்மா. பொருளாதாரம் பெரியது என்பது நாட்டின் மொத்தத் தொகை, 140 கோடிப் பேருக்கு மேல் சேர்ந்து செய்த உற்பத்தி. கூட்டுக் குடும்பத்தில் 20 பேர் சம்பாதித்தால் மொத்தம் பெரிதாகத்தான் இருக்கும், ஆளுக்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. மனித மேம்பாட்டுக் குறியீடு ஆளுக்கு எவ்வளவு என்று கேட்கிறது, அதுவும் பணத்தை மட்டும் கேட்கவில்லை.

1990-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் இதை வெளியிட்டது. பின்னால் இருந்தவர் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், கூட நின்றவர் அமர்த்தியா சென். மனித வாழ்க்கையை ஒரே எண்ணில் அடக்க முடியுமா என்று சென் தயங்கினார். ஜிடிபி போல ஒற்றை எண்ணாக இருந்தால்தான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்று ஹக் பிடிவாதமாக நின்றார். ஹக் சொன்னதுதான் நடந்தது. இல்லாவிட்டால் பள்ளத்தூரில் ஒரு பிள்ளை சாப்பிடும்போது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது.

உங்கள் மகள் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்காரட்டும், நாமே போட்டுப் பார்க்கலாம். 2025 அறிக்கையில் இந்தியாவுக்குக் கொடுத்திருக்கும் எண்கள், 2023-ஆம் ஆண்டுக்கானவை: பிறக்கும்போது எதிர்பார்க்கும் ஆயுள் 72, பள்ளியில் சேரும் குழந்தை படிக்கும் என்று எதிர்பார்க்கும் வருடங்கள் 13, பெரியவர்கள் சராசரியாகப் படித்து முடித்த வருடங்கள் 6.9, தலைக்கு வருமானம் 9,047 டாலர்.

ஆயுளுக்குக் கீழ் எல்லை 20, மேல் எல்லை 85. 72-இல் 20 போக 52, அதை 65-ஆல் வகுத்தால் 0.80. படிப்பில் 13-ஐ 18-ஆல் வகுத்தால் 0.72, 6.9-ஐ 15-ஆல் வகுத்தால் 0.46, இரண்டுக்கும் சராசரி 0.59. வருமானத்துக்கு எல்லை 100 முதல் 75,000 டாலர் வரை, ஆனால் நேராக வகுக்காமல் மடக்கை (லாகரிதம்) எடுத்து வகுக்கிறார்கள், 0.68 வரும். ஏன் மடக்கை என்றால், 1,000 டாலர் வாங்குபவருக்கு 2,000 ஆனால் வாழ்க்கையே மாறிவிடும், 40,000 வாங்குபவருக்கு அந்த ஆயிரம் அவ்வளவு பெரிதில்லை. மடக்கையில் 1,000 இரண்டாயிரம் ஆவதும் 20,000 நாற்பதாயிரம் ஆவதும் ஒரே அளவு ஏற்றம்தான். மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 0.685. அறிக்கையில் இருப்பதும் அதே 0.685, 193 நாடுகளில் 130-வது இடம். 2010-க்கு முன்னால் கூட்டிச் சராசரி எடுத்தார்கள், படிப்பில் விழுந்ததைப் பணத்தால் ஈடுகட்டிவிட முடிந்தது. பெருக்க ஆரம்பித்த பிறகு அது அவ்வளவு லேசாக நடக்காது.

அந்த 9,047 டாலரைப் பேங்கில் மாற்றுகிற விலையில் பெருக்கிப் பார்த்து, இவ்வளவு யாருக்கு வருகிறது என்று கோபப்படாதீர்கள். அது வாங்கும் சக்தியில் சொன்ன டாலர். 2017-இல் ஒரு டாலருக்குச் சந்தையில் 65 ரூபாய் 12 காசு, ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இங்கே 20 ரூபாய் 65 காசுக்கே வாங்க முடிந்தது. காரைக்குடியில் முடி வெட்டுகிற விலைக்கும் சிங்கப்பூரில் முடி வெட்டுகிற விலைக்கும் உள்ள தூரம் உங்கள் வீட்டுக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

பணமும் வாழ்க்கையும் ஒன்றாகவே போகும் என்றும் எண்ண வேண்டாம். எண்ணெய் கிடைத்த எக்குவடோரியல் கினியாவில் தலைக்கு வருமானம் நம்மைவிட அதிகம், மேம்பாட்டில் நம் பக்கத்தில்தான் நிற்கிறது. இலங்கையில் திவால் நிலை, கலவரம் எல்லாம் நடந்து முடிந்த பிறகும் அந்த நாடு நம்மைவிட 40 இடத்துக்கு மேல் முன்னால் இருக்கிறது. இலவசப் பள்ளி, இலவச ஆஸ்பத்திரி என்று 1940-களிலேயே போட்ட அடித்தளம்.

ஊருணிக்கரை:

கிராம சுகாதார செவிலியர் நான், காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் 14 வருடம். வாத்தியார் கணக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது, ஆனால் எனக்கு ஓர் உறுத்தல் இருக்கிறது. எல்லாமே சராசரி. வீடு வீடாகப் போகிறவளுக்குச் சராசரி என்று யாரும் கதவைத் திறப்பதில்லை.

முதலில் அந்த 6.9. அது 25 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுக்கிற எண். இன்றைக்கு ஊரில் எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போனாலும் அந்த எண் மெதுவாகத்தான் ஏறும், ஏனென்றால் அதில் என் அம்மா இருக்கிறார். மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அந்த 6.9-ஐப் பார்க்கும்போது எனக்கு நாட்டின் தற்போதைய நிலைமை தெரியவில்லை, ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் எந்தெந்தப் பெண்ணை வீட்டில் உட்கார வைத்தார்கள் என்பதுதான் தெரிகிறது.

அப்புறம் ஏற்றத்தாழ்வு. அதே அறிக்கையில் ஏற்றத்தாழ்வைக் கழித்து இன்னொரு எண் போடுகிறார்கள், 2010-இலிருந்து போடுகிறார்கள், யாரும் பேசுவதில்லை. அதில் இந்தியாவின் 0.685-இல் 30.7 சதவீதம் போய்விடுகிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

வீட்டு அளவில் பார்க்கிற ஒன்றும் இருக்கிறது, பல்பரிமாண வறுமைக் குறியீடு. சத்து, குழந்தை இறப்பு, பள்ளி, விறகா கேஸா, கழிப்பறை, குடிநீர், கரண்ட், வீடு, பொருட்கள் என்று பார்த்து, இவற்றில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறை இருந்தால் ஏழை என்று எடுக்கிறார்கள். நிதி ஆயோக் பிரசவ கவனிப்பையும் பேங்க் கணக்கையும் சேர்த்து 12 கேள்வி கேட்கிறது. தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம், நாடு முழுக்க 15 சதவீதம் அளவில், 2019-21 கணக்குப்படி. நான் இந்த முறையை மதிக்கிறேன், ஏனென்றால் ஒரே வீட்டில் என்னென்ன ஒன்றாகச் சேர்ந்து இல்லை என்று பார்க்கிறது. ஆனாலும் உங்கள் வீதியில் இருக்கிற மாதிரிப் பூட்டிய வீடுகளின் பின்கட்டில் காவலுக்கு ஒரு குடும்பத்தை வைத்திருப்பார்கள், நான் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போயிருக்கிறேன். தரை என்ன தரை என்று கேட்டால் ஆத்தங்குடிக் கல், சுவர் என்ன என்றால் முட்டை வெள்ளைப் பூச்சு, கரண்ட் உண்டு. வீடு என்ற கட்டத்தில் முழு மார்க். பிள்ளைத்தாய்ச்சி கொல்லையில் விறகு ஊதிக்கொண்டிருப்பாள், ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருக்கும். வளவுக்குள் போகக் கூடாது என்று சொல்லி வைத்திருப்பார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2020-இல் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இந்த 13-க்காக ராத்திரியும் பகலும் அலைந்தவர்களில் நானும் ஒருத்தி. ஜிடிபியில் இதற்காக ஏறியது எங்கள் சம்பளமும் மருந்துச் செலவும் மட்டும்தான், பிழைத்த பிள்ளைக்கு அங்கே கட்டம் இல்லை. ஆயுள் 72 என்று வாத்தியார் போட்டாரே, அதில்தான் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அக்கா, உங்கள் மாமியார் விஷயம். 2024-இல் அரசாங்கம் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளைக்கு அதில் செலவழிப்பது 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். ஜிடிபிக்குள் சேர்க்காவிட்டாலும் யாரோ கடிகாரம் வைத்து எண்ணியிருக்கிறார்கள், மகளிடம் இதைச் சொல்லுங்கள். அத்தைக்கு முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

டப்ளினில் ஒரு கோட்டையூரான்:

நான் இருக்கிற அயர்லாந்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 2015-இல் இங்கே ஜிடிபி ஒரே வருடத்தில் 26 சதவீதம் ஏறியதாகக் கணக்கு வந்தது. பெரிய பன்னாட்டுக் கம்பெனிகள் காப்புரிமை மாதிரிச் சொத்துக்களைக் காகிதத்தில் இந்த நாட்டுக்கு மாற்றியதுதான் பெரிய காரணம், பக்கத்து வீட்டுக்காரர் சம்பளம் ஒன்றும் 26 சதவீதம் ஏறவில்லை. அப்புறம் இந்த நாட்டுப் புள்ளிவிவரத் துறையே 2017-இல் அதையெல்லாம் கழித்த வேறொரு தேசிய வருமானத்தை வெளியிட ஆரம்பித்தது. என் கருத்து, ஜிடிபியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பேரேடு (தேவகோட்டை):

தூக்கிப் போட வேண்டாம் தம்பி. அரசாங்கம் எவ்வளவு வரி வரும், எவ்வளவு கடன் தாங்கும் என்று பார்க்க வரவு செலவு வேண்டும். வரவு செலவை ஐந்தொகை என்று படித்துக் காட்டினால்தான் தப்பு. 1934-இல் அமெரிக்க செனட்டுக்கு முதன்முதலாகத் தேசிய வருமானக் கணக்கைக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே, இதை வைத்து மக்களின் நலத்தை எடைபோட முடியாது என்று அந்த அறிக்கையிலேயே எழுதிவிட்டுத்தான் கொடுத்தார்.

கோட்டையூர் என்கிறீர்கள், உங்கள் ஊர்க்காரர் அழகப்பச் செட்டியாரை நினைத்துப் பாருங்கள். 1940-களின் கடைசியில் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். வெளிநாட்டில் சம்பாதித்ததை எல்லாரும் தேக்காகவும் சலவைக் கல்லாகவும் மாற்றிக்கொண்டிருந்த ஊரில் அவர் கல்லூரியாக மாற்றினார். அவர் கொடுத்த நிலத்தில் நின்ற கல்லூரியில் படித்துத்தான் எனக்கு வேலை கிடைத்தது, இதைச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

பள்ளத்தூர் மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி மாமியாரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு இரண்டு பேரும் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தோம். வாத்தியார் சார் சொன்ன மாதிரியே போட்டோம், மகளுக்கு 0.685 சரியாக வந்தது, எனக்கு மடக்கையில் தப்பாகிவிட்டது.

அப்புறம் நம்ம வீட்டுக்கு அந்த 6.9 எவ்வளவு வரும் என்று அவளே ஆரம்பித்தாள். மாமியார் 3, நான் 12, அவர் பத்து முடித்து ஐடிஐ இரண்டு வருடம், அதனால் 12. கூட்டி மூன்றால் வகுத்தால் 9. இந்தியாவைவிட நல்லா இருக்கோம்மா என்று சந்தோஷப்பட்டாள். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாவைச் சேர்க்கக் கூடாதும்மா, ஒரு வருஷத்துக்கு மேல ஆனா அந்த ஊர்க் கணக்குன்னு தாத்தா எழுதியிருக்காங்களே" என்றாள். அடித்துவிட்டுத் திரும்பப் போட்டோம். 7.5 வந்தது.